பிக்கப்பும் ட்ரெய்லரும் வெச்சு அமெரிக்காவுல லோடு அடிக்கப் போறீங்களா? முதல்ல மூணு எடையைப் புரிஞ்சுக்கோங்க

அமெரிக்காவுல ஒரு பிக்கப் வாங்கி பின்னாடி ட்ரெய்லர் மாட்டி சின்ன அளவுல லோடு அடிக்கிறதுக்கு ஹாட்ஷாட்னு பேரு. இதுல இறங்கணும்னு கேக்குறவங்களுக்கு இன்ஜின், டர்போ, மைலேஜ் எல்லாம் அத்துப்படி, ஆனா எடை என்னன்னு கேட்டா "என் வண்டி 20,000 பவுண்டு இழுக்குங்க"ன்னு விளம்பரத்துல பாத்த நம்பரைச் சொல்றாங்க. அந்த நம்பரை வெச்சு உங்க லைசென்ஸும் முடிவாகாது, நம்பர் பிளேட்டும் முடிவாகாது.

மொத்தம் மூணு எடை இருக்கு. வண்டி செஞ்ச கம்பெனி "இதுக்கு மேல தாங்காது"ன்னு ஒட்டி அனுப்புறது ஸ்டிக்கர் எடை. நீங்க ஸ்டேட் ஆபீஸ்ல சொல்லி, அதுக்கு ஏத்த மாதிரி பணம் கட்டுறது பதிவு எடை. எடைமேடையில ஏத்தினா வர்றது தராசு எடை. இந்த மூணையும் ஒண்ணுன்னு நினைச்சுக்கிறதுதான் புதுசா வர்றவங்க பண்ற பெரிய தப்பு. 20,000 பவுண்டுக்குப் பணம் கட்டிப் பதிஞ்சுட்டா ஸ்டிக்கர்ல இருக்கிற 14,000 ஏறிடாது, அதே மாதிரி ஸ்டிக்கர்ல இடம் இருக்குன்னு பதிஞ்ச எடைக்கு மேல ஏத்தினாலும் ஃபைன்தான்.

முதல் வேலை: ஸ்டிக்கரைப் படிங்க

டிரைவர் கதவைத் திறந்தா தூண்ல ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதுல ஜிவிடபிள்யூஆர்னு போட்டிருக்கிறது வண்டி, டீசல், ஆளு, சாமான் எல்லாம் சேத்து அந்த வண்டி தாங்குற உச்ச எடை. பக்கத்துலயே முன் ஆக்சில் எவ்வளவு, பின் ஆக்சில் எவ்வளவுன்னு தனித்தனியா இருக்கும், அதையும் எழுதிக்கோங்க, ஏன்னா மொத்த எடை சரியா இருந்தும் பின் ஆக்சில் மட்டும் தாண்டிடுறது சகஜம். ட்ரெய்லருக்கும் இதே ஸ்டிக்கர் உண்டு, இடது பக்கம் முன்னாடி இருக்கும். பழைய ட்ரெய்லர் வாங்கும்போது ஸ்டிக்கர் அழிஞ்சிருந்தா யோசிச்சு வாங்குங்க, "14,000 தாங்கும்ணே"ன்னு விக்கிறவர் வாயால சொல்றது ரோட்ல நிறுத்திக் கேக்கும்போது உதவாது.

எல்லாத்துலயும் சின்ன நம்பர் எதுவோ அதுதான் உங்க நம்பர். ட்ரெய்லர் 14,000 தாங்கி, ஹிட்ச் பால் (ட்ரெய்லரை மாட்டுற இரும்பு உருண்டை) 10,000க்குன்னா உங்களுக்கு 10,000தான். டயர் பக்கவாட்டுல எழுதியிருக்கிற லோடையும் பாத்துடுங்க.

ரெண்டாவது: ரெண்டு ஸ்டிக்கரையும் கூட்டுங்க

இங்க ரெண்டு கோடு இருக்கு, மனசுல பதிய வெச்சுக்கோங்க: 10,001 பவுண்டு, 26,001 பவுண்டு.

பிக்கப்பும் ட்ரெய்லரும் சேந்து 10,001 பவுண்டு தொட்டு, நீங்க ஒரு ஸ்டேட்ல இருந்து இன்னொரு ஸ்டேட்டுக்குத் தொழிலா சரக்கு கொண்டு போனா மத்திய அரசு கணக்குல அது கமர்ஷியல் வண்டி. யுஎஸ்டாட் நம்பர் (மத்திய போக்குவரத்துத் துறை உங்க கம்பெனிக்குக் குடுக்கிற அடையாள நம்பர்), டாக்டர் சர்டிபிகேட், வேலை நேரக் கணக்கு எல்லாம் வந்துடும். ஒரு டன் பிக்கப்னு சொல்ற பெரிய ரகம் பெரும்பாலும் தனியாவே இந்தக் கோட்டைத் தாண்டிடும், அதனால இதுல இருந்து தப்பிக்கிற கணக்கெல்லாம் போடாதீங்க.

26,001ங்கிறது சிடிஎல், அதாவது கமர்ஷியல் டிரைவிங் லைசென்ஸ் கோடு. ரெண்டும் சேந்து 26,001 பவுண்டு வந்து, அதுல ட்ரெய்லர் மட்டும் 10,000க்கு மேல இருந்தா கிளாஸ் ஏ சிடிஎல் வேணும். 14,000 பிக்கப்போட 12,000 ட்ரெய்லர் மாட்டினா 26,000, சிடிஎல் வேண்டாம். அதே பிக்கப்ல 14,000 ட்ரெய்லர் மாட்டினா 28,000, வேணும். "நான் பாதி லோடுதானே ஏத்துறேன், ட்ரெய்லர் காலியாத்தானே போகுது"ன்னு கேப்பாங்க, அது செல்லாது, ஏன்னா ஸ்டிக்கர் நம்பர், உண்மை எடை ரெண்டுல எது அதிகமோ அதைத்தான் எடுத்துக்குவாங்க. காலி ட்ரெய்லரா இருந்தாலும் ஸ்டிக்கர் பேசும். கடையில 9,990 பவுண்டுன்னு ஒரு விநோதமான நம்பர்ல ட்ரெய்லர் விக்கிறதுக்குக் காரணமே அந்த 10,000 கோட்டுக்குக் கீழ நிக்கத்தான்.

என் அபிப்பிராயம், சிடிஎல் இல்லாம ஆரம்பிக்கிறவங்க ட்ரெய்லர் வாங்குறதுக்கு முன்னாடியே இந்தக் கூட்டல் கணக்கைப் பேப்பர்ல போட்டுடணும். வாங்கின பிறகு நீங்களா ஸ்டிக்கரை மாத்தி ஒட்ட முடியாது.

மூணாவது: யுஎஸ்டாட் நம்பரும் அத்தாரிட்டியும்

லாரித் தொழிலைக் கண்காணிக்கிற மத்திய அரசு அமைப்பான எஃப்எம்சிஎஸ்ஏ வெப்சைட்ல விண்ணப்பிக்கணும். யுஎஸ்டாட் நம்பருக்குக் காசு கிடையாது. அடுத்தவங்க சரக்கைக் கூலிக்கு ஸ்டேட் விட்டு ஸ்டேட் கொண்டு போனா ஆபரேட்டிங் அத்தாரிட்டியும் (கூலிக்கு ஓட்டுறதுக்கான அனுமதி) வேணும், அதுக்கு 300 டாலர், இதுக்கு எடைக் கோடெல்லாம் இல்ல, சின்ன வண்டியா இருந்தாலும் வேணும். உங்க சொந்தச் சரக்குன்னா அத்தாரிட்டி தேவையில்ல. இன்னொண்ணு, நீங்க ஸ்டேட் எல்லையைத் தாண்டாட்டியும் சரக்கு வெளி ஸ்டேட்ல இருந்து கிளம்பி வந்த பயணத்தோட ஒரு பகுதியா இருந்தா அதுவும் இன்டர்ஸ்டேட், அதாவது ஸ்டேட் விட்டு ஸ்டேட் போற கணக்குதான்.

விண்ணப்பம் போட்ட அன்னிக்கே வண்டியைக் கிளப்பிடாதீங்க. கூலிக்கு ஓட்டுற 10,001க்கு மேல உள்ள வண்டிக்குக் குறைஞ்சது 7,50,000 டாலர் லயபிலிட்டி இன்சூரன்ஸ் வேணும், அதை இன்சூரன்ஸ் கம்பெனியே நேரா அரசாங்கத்துக்கு அனுப்பணும். பிஓசி-3ன்னு, உங்க மேல கேஸ் வந்தா நோட்டீஸை யார் வாங்கிக்குவாங்கன்னு சொல்ற ஒரு ஃபாரமும் ஏஜென்ட் மூலமா போகணும். எல்லாம் சேந்து அத்தாரிட்டி ஆக்டிவ்னு காட்டின பிறகுதான் லோடு எடுக்கலாம். யுசிஆர்னு, ஸ்டேட் விட்டு ஸ்டேட் ஓட்டுற கம்பெனிங்க பதிஞ்சுக்கிற வருஷக் கட்டணமும் உண்டு.

இதைக் கட்டாயம் சொல்லணும்: நம்பர் கிடைச்ச மறுநாள்ல இருந்து அரசாங்க லெட்டர் மாதிரியே கடிதம் வரும், போன் வரும், "உடனே 400 கட்டு, 600 கட்டு"ன்னு மிரட்டுவாங்க. பெரும்பாலும் அது தனியார் ஏஜென்சி. நீங்களே அரசாங்க வெப்சைட்ல போய்ப் பாத்துட்டு அப்புறம் கட்டுங்க.

நாலாவது: ஸ்டேட் பதிவு

ஸ்டேட்டுக்கு ஸ்டேட் இது மாறும், ஆனா பல இடத்துல அடிப்படை ஒண்ணுதான், பிக்கப்போட பிளேட்லயே ட்ரெய்லரையும் சேத்த மொத்த எடையைச் சொல்லிப் பதியணும். ஆபீஸ்ல "பிக்கப் எடை என்ன"ன்னு கேட்டா வெறும் வண்டி எடையைச் சொல்லிட்டு வந்துடாதீங்க, ட்ரெய்லர் மாட்டி லோடோட போற எடைன்னு தெளிவாச் சொல்லுங்க. கொஞ்சம் அதிகமாவே பதியுங்க, கூடுதல் கட்டணம் ஃபைனை விட ரொம்பக் கம்மி.

சேந்த எடை 26,000ஐத் தாண்டி பல ஸ்டேட்ல ஓடினா ஐஆர்பி பிளேட்டும் (பல ஸ்டேட்டுக்கும் சேத்து ஒரே பதிவு), டீசல் வரிக்கு ஐஎஃப்டிஏவும் (பல ஸ்டேட் வரியை ஒரே இடத்துல கட்டுற ஏற்பாடு) வேணும். இது சிடிஎல் கணக்குல இருந்து தனி. 10,000க்குக் கீழ உள்ள ட்ரெய்லர் மாட்டி சிடிஎல் இல்லாம ஓட்டுறவங்களும் இதுல மாட்டலாம்.

வண்டி ரெண்டு பக்கமும் கம்பெனி பேரும் யுஎஸ்டாட் நம்பரும் பகல்ல 50 அடி தூரத்துல இருந்து படிக்கிற மாதிரி எழுதிடுங்க. ஃபயர் எக்ஸ்டிங்விஷர், மூணு முக்கோணம், ரெண்டும் வண்டியில இருக்கணும்.

அஞ்சாவது: தராசு

டிரக் ஸ்டாப்ல கேட் (CAT) ஸ்கேல்னு எடைமேடை இருக்கும். முதல்ல டேங்க் ஃபுல் பண்ணி, நீங்க உள்ள உக்காந்து, பிக்கப்பை மட்டும் எடை போடுங்க. அப்புறம் ட்ரெய்லர் மாட்டி லோடோட போடுங்க. முன் ஆக்சில், பின் ஆக்சில், ட்ரெய்லர்னு மூணு நம்பர் தனித்தனியா எடைச் சீட்டுல வரும். ரெண்டாவது சீட்டுல முன் ஆக்சிலையும் பின் ஆக்சிலையும் கூட்டி, அதுல இருந்து முதல் சீட்டோட பிக்கப் எடையைக் கழிச்சா ட்ரெய்லர் உங்க பிக்கப் மேல எவ்வளவு அழுத்துதுன்னு தெரியும். பின்பக்க பால்ல மாட்டுற ட்ரெய்லர்னா லோடோட ட்ரெய்லர் எடையில 10ல இருந்து 15 சதவீதம், கூஸ்நெக்னா (பிக்கப் தொட்டிக்குள்ள மாட்டுற ட்ரெய்லர்) 20ல இருந்து 25 சதவீதம் இருக்கணும். இதை விடக் கம்மியா இருந்தா ஹைவேல ட்ரெய்லர் பாம்பு மாதிரி ஆடும், அதிகமா இருந்தா பின் ஆக்சில் தாண்டும்.

நான் முதல் தடவை எடை போட்டப்ப மொத்தம் சரியா இருந்துச்சு, பின் ஆக்சில் மட்டும் 400 பவுண்டு கூட. சாமான் அடுக்கின பேலட்டை (மரச்சட்டம்) ட்ரெய்லர்ல கொஞ்சம் பின்னாடி தள்ளி மறுபடி கட்டிட்டு இன்னொரு தடவை ஏத்தினேன், கோட்டுக்குள்ள வந்துடுச்சு. அந்தச் சீட்டை இன்னும் வண்டியில வெச்சிருக்கேன், அதே மாதிரி லோடு வந்தா அந்த அளவுலயேதான் பேலட்டை வெக்கிறேன்.