வங்கிப் பட்டியலை ஏற்றுவதற்கு முன்

வெளிநாடு வந்து வங்கிக் கணக்கு திறந்ததும், வரவு செலவை ஒரு கணக்கு மென்பொருளில் எழுதத் தொடங்குவது நல்ல பழக்கம். வங்கியிலிருந்து இறக்கிய பரிவர்த்தனைப் பட்டியலை ஏற்றினால் அதுவே பொருத்திவிடும் என்பார்கள். பொருத்தும்தான், ஆனால் ஊகத்தில். தொகை ஒன்றா, தேதி அருகில் வருகிறதா, விவரத்தில் இருக்கும் சொற்கள் முன்பு வந்தவையா என்று பார்த்து, நீங்கள் எழுதிய பதிவோடு ஜோடி சேர்க்கும். சரிபார்க்க வேண்டியவர் நீங்கள்.

நம்மவர்கள் முதலில் தடுக்கி விழுவது தேதியில். 05/03 நமக்கு மார்ச் 5. அமெரிக்காவில் மே 3. 25/03 வந்தால் மென்பொருள் திணறும், பிழை உடனே தெரிந்துவிடும். நாள் 12-க்குள் இருந்தால்தான் ஆபத்து: சத்தமில்லாமல் வேறு மாதத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். எண்ணிலும் இதே சிக்கல்தான்: ஜெர்மனியில் ஆயிரத்து இருநூற்றைம்பதை 1.250,00 என்று எழுதுவார்கள். ஆகவே முதல் ஏற்றத்திலேயே தேதி வடிவத்தையும் எண் வடிவத்தையும் பார்த்து அமையுங்கள்.

வங்கி ஓஎஃப்எக்ஸ் (OFX, கணக்கு மென்பொருள்களுக்கென்றே உள்ள வடிவம்) கோப்பு கொடுத்தால், சிஎஸ்வியை (CSV, வெறும் அட்டவணைக் கோப்பு) விட்டுவிட்டு அதையே எடுங்கள். அதில் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தனி அடையாள எண் உண்டு. ஒரே வாரத்தை இரண்டு முறை ஏற்றினாலும் பொதுவாகப் பதிவு இரட்டிக்காது.

க்னூகேஷ் (GnuCash) போன்ற கணக்கு மென்பொருள்கள் விவரத்தைச் சொல் சொல்லாகப் பிரித்து, எந்தச் சொல் வந்தபோது எந்த வரவு அல்லது செலவுத் தலைப்பில் போட்டீர்கள் என்று நினைவில் வைத்துக்கொள்ளும். அவசரத்தில் தவறான தலைப்பை ஒத்துக்கொண்டால் அதையும் கற்றுக்கொள்ளும். அதனால் முதல் இரண்டு மூன்று மாதம் ஒவ்வொரு வரியையும் பொறுமையாகப் பாருங்கள்.

கிரெடிட் கார்டு பில் கட்டுவது செலவு அல்ல, கணக்கு மாற்றம். கார்டில் வாங்கியவை ஏற்கெனவே செலவாக ஏறியிருக்கும். என் முதல் ஆண்டில் பில்லையும் செலவாகவே எழுதினேன். திருத்த ஒரு ஞாயிறு முழுக்கப் போனது. ஊரில் உள்ள உங்கள் சொந்தக் கணக்குக்கு அனுப்பும் பணமும் மாற்றம்தான். அனுப்பும் கட்டணத்தை மட்டும் பிரித்துச் செலவில் போடுங்கள். இரு பக்கமும் நாணயம் வேறு என்பதால் தொகையை வைத்து மென்பொருளால் பெரும்பாலும் ஜோடி சேர்க்க முடியாது, நீங்களே இணைத்துவிடுங்கள்.

அப்புறம், ஒவ்வொரு ஏற்றம் முடிந்ததும் இருப்பை வங்கியின் இருப்போடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் வந்தால் அதே தொகையுள்ள பதிவைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் அதில் பாதியைத் தேடுங்கள். வரவு செலவாகவோ செலவு வரவாகவோ தலைகீழாக ஏறினால் வித்தியாசம் இரு மடங்காக வரும், அந்தப் பதிவு பெரும்பாலும் அப்படித்தான் சிக்கும்.