குளிர்கால முன்னறிவிப்பும் தலைக்கு மேல் மேகமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளிர்காலம் தொடங்கும் முன்பே ஓர் அறிவிப்பு வரும், "இந்த முறை வெப்பநிலை இயல்பைவிட அதிகமாக இருக்க 50 சதவீத வாய்ப்பு" என்று. அது நாலு பேர் வாய் மாறுவதற்குள் "இந்த வருஷம் குளிரே இருக்காதாம்" என்று ஆகிவிடுகிறது. பெரும்பாலான குழப்பங்கள் இங்கேதான் ஆரம்பிக்கின்றன.

பருவகால முன்னறிவிப்பில் பொதுவாக மூன்று பெட்டிகள் உண்டு: இயல்பைவிடக் குறைவு, இயல்பை ஒட்டி, இயல்பைவிட அதிகம். எந்தத் தகவலும் கையில் இல்லாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் 33 சதவீதம். அது 50 ஆகிறது என்றால் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். மீதி 50 சதவீதம் மற்ற இரண்டு பெட்டிகளிலும் இருக்கிறது. அதோடு இது மூன்று மாதச் சராசரியைப் பற்றிய பேச்சு. சராசரி கொஞ்சம் ஏறியிருக்கும் ஒரு பருவத்தின் நடுவே பத்து நாள் கடுங்குளிர் வந்து போனாலும் முன்னறிவிப்பு பொய்த்துவிட்டது என்று ஆகாது. இயல்பு என்பதும் 30 ஆண்டுச் சராசரிதான், இப்போது பெரும்பாலும் 1991 முதல் 2020 வரையிலான கணக்கு. பெரியவர்கள் நினைவில் வைத்திருக்கும் குளிர் அதற்கும் முந்தையது, இரண்டையும் ஒப்பிட்டுச் சண்டை போடுவதில் அர்த்தமில்லை.

சின்ன ஊர்க்காரர்களுக்கு இன்னொரு சிக்கல். அந்த வரைபடம் பல நூறு கிலோமீட்டர் அகலமுள்ள நிலப்பரப்புக்கு வரைந்தது. செல்போனில் தெரியும் வெப்பநிலையும் பெரும்பாலும் உங்கள் தெருவில் அளந்தது கிடையாது. தொலைவில் எங்கோ உள்ள நிலையங்களின் அளவையும் கணினி மாதிரியையும் வைத்துப் போட்ட கணக்கு. ஊர் பள்ளத்தாக்கில் இருந்தால், காற்றில்லாத இரவில் குளிர்ந்த கனமான காற்று சரிவு வழியே இறங்கி வந்து தேங்கிவிடும், அப்போது மேலே மலைச்சரிவில் இருப்பவர்களைவிடக் கீழே இருப்பவர்கள்தான் அதிகம் நடுங்குவார்கள். "உயரமான இடம்தான் எப்போதும் குளிர்" என்று நினைப்பது தவறு. மேலும் வெப்பமானி தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும். அது 2 டிகிரி காட்டும்போதே கீழே புல்லில் உறைபனி படிந்திருக்கலாம், செடி வைத்திருப்பவர்கள் பூஜ்ஜியம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

அடுத்து, "வானம் பளிச்சென்று இருக்கிறது, ராத்திரி குளிர் தெரியாது" என்ற நம்பிக்கை. நேர் எதிர். தரை இரவு முழுக்க வெப்பத்தை மேலே விட்டுக்கொண்டே இருக்கிறது. மேகம் இருந்தால் அதில் ஒரு பகுதியை வாங்கித் திருப்பி அனுப்பும், போர்வை மாதிரி. நட்சத்திரம் நிறையத் தெரிந்து, காற்றும் அடங்கியிருந்தால் விடியற்காலை நன்றாகக் குளிரும்.

சரி, மேகத்துக்கு வருவோம். 1802-இல் லூக் ஹோவார்ட் என்ற ஆங்கிலேயர் மேகங்களுக்கு லத்தீன் பெயர் வைத்து வகை பிரித்தார், அதிலிருந்து வளர்ந்த பட்டியலில் இன்று 10 முதன்மை வகைகள் இருக்கின்றன. பத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் நிறத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். கறுப்பாக இருந்தால் மழை என்பது பாதி உண்மைதான். மேகம் எவ்வளவு தடிமன், சூரியன் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்தும் நிறம் மாறும். குளிர்காலத்தில் படைத்திரள் மேகம் (தாழ்வாகப் பொதிபொதியாய்ப் பரவி நிற்பது) சாம்பல் நிறத்தில் நாள் கணக்கில் கூரை போட்டிருக்கும், ஒரு சொட்டும் விழாது.

பஞ்சுப்பொதி போன்ற மேகங்கள் எல்லாமே ஒன்றுதான் என்று நினைப்பதும் சகஜம். அதற்கு எளிய சோதனை இருக்கிறது: கையை முழுக்க நீட்டுங்கள், அடிவானத்தை ஒட்டி இல்லாமல் நன்றாக மேலே தெரியும் பொதிகளை விரலால் அளந்து பாருங்கள். சுண்டுவிரல் நுனிக்குள் ஒளிந்துவிட்டால் கீற்றுத்திரள், மிக உயரத்தில் இருப்பது. மூன்று விரல் அகலத்துக்குள் அடங்கினால் இடைப்பட்ட திரள். அதற்கும் பெரிதென்றால் தாழ்ந்து நிற்கும் படைத்திரள்.

நிலாவைச் சுற்றி வளையம் தெரிந்தால் மழை என்பது பழைய பேச்சு, அதை நான் மூடநம்பிக்கை என்று தள்ளமாட்டேன். ஆனால் எந்த வளையம் என்று பார்க்க வேண்டும். நிலாவை ஒட்டியே சின்னதாக, வண்ணம் கலந்து தெரிவது மெல்லிய மேகத்தின் நீர்த்துளிகளால் வருவது, அதிலிருந்து பெரிதாக எதுவும் சொல்ல முடியாது. நீட்டிய கையில் கட்டைவிரல் நுனி முதல் சுண்டுவிரல் நுனி வரை விரித்தால் வரும் அகலத்துக்குத் தள்ளி ஒரு பெரிய வட்டம் நின்றால் (22 டிகிரி வட்டம்), அது கீற்றுப்படை மேகத்தின், அதாவது மிக உயரத்தில் மெல்லிய திரைபோல் விரியும் மேகத்தின், பனிப்படிகங்கள் செய்த வேலை. பகலில் சூரியனைச் சுற்றியும் வரும், அப்போது சூரியனைக் கையால் மறைத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும்.

வட்டம் மட்டும் போதாது, அப்புறம் என்ன ஆகிறது என்பதுதான் முக்கியம். மேகம் தடித்து, இறங்கி, உறைபனி படிந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல் சூரியன் மங்கி, தரையில் உங்கள் நிழலே விழவில்லை என்றால் இடைப்பட்ட படை மேகம் வந்துவிட்டது. பிறகு சூரியன் இருந்த இடமே தெரியாமல் போனால் கார்படை. விடாத மழையோ பனியோ மணிக்கணக்கில் நீடிக்கும். முதல் கீற்று மேகம் தெரிந்ததிலிருந்து இந்த மழை வரும்வரை பெரும்பாலும் அரை நாள் முதல் ஒரு நாள் ஆகும். வட்டம் வந்த பிறகு மேகம் மெலிந்து கலைந்தால் பயப்பட ஒன்றுமில்லை.

கடைசியாக ஒன்று, இதில் அலட்சியம் வேண்டவே வேண்டாம். தாழ்ந்த படை மேகத்திலிருந்து விழும் மெல்லிய தூறலை "வெறும் தூறல்தானே" என்று விட்டுவிடுகிறார்கள். சாலையின் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே இருந்தால் அந்தத் தூறல் தொட்ட இடத்திலேயே உறைந்து கண்ணுக்குத் தெரியாத வழுக்குப் படலமாகிவிடும், பாலங்களில்தான் முதலில். மரக்கிளையோ கார்க் கண்ணாடியோ மெழுகு பூசியதுபோல் மினுங்கினால் வண்டியை எடுக்காமல் இருப்பதே நல்லது.