மட்டாஞ்சேரி யூதத் தெருவுக்கு எந்த நாளில் போகலாம்?

கொச்சியின் யூதத் தெருவை வழிகாட்டியோடு நடந்து பார்க்க நினைப்பவர்கள் ஞாயிறு முதல் வியாழனுக்குள் ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். அந்தத் தெருவில் யூதர்கள் வழிபட 1568-இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயம் சனிக்கிழமையும் யூதப் பண்டிகை நாட்களிலும் திறக்காது. பக்கத்து மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளி விடுமுறை.

செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஜெப ஆலயத்துக்குள் போக வேண்டும். போனதும் சரவிளக்குகளை அண்ணாந்து பார்ப்பதோடு நிறுத்திவிடாமல், கொஞ்சம் குனிந்து தரையையும் பாருங்கள். சீனாவிலிருந்து வந்த நீல வெள்ளை ஓடுகள், அத்தனையும் கையால் வரைந்தவை. ஒன்றின் கோடு இன்னொன்றில் அப்படியே இருக்காது. எனக்கு அங்கே மிகவும் பிடித்தது அந்தத் தரைதான்!

அப்புறம், வெளியே வந்ததும் மணிக்கூண்டின் எல்லா முகங்களையும் காட்டச் சொல்லுங்கள். எபிரேயம், ரோமன், மலையாளம் என்று முகத்துக்கு முகம் எண்கள் மாறும்.