தொழில் படிக்க உதவிப்பணம் கேட்கிறவர்களே, நான் சறுக்கிய இடங்கள் இவை

போன மாதம் இலங்கை மலையகத்து மஸ்கெலியாப் பக்கத்துத் தம்பி ஒருவன் பளபளவென்று ஒரு விளம்பரத் தாளோடு வந்தான். வயரிங் கோர்ஸ், ஆறு மாதம், தோட்டத்துச் சங்கம் உதவிப்பணம் தருகிறதாம். “காசு கட்டிடவா அண்ணே?” என்கிறான். தாளைத் திருப்பிப் பார்த்தால், 2009இல் நான் ஏமாந்த அதே வாசகம்: அரசாங்கத்தில் பதிவு செய்யப்பட்ட நிறுவனம். எரிச்சல் வந்துவிட்டது, அதனால்தான் இதை எழுதுகிறேன். முடிவுத் திகதி, போட்டோகொப்பி எல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விடுவோம்.

பலகையைப் பார்த்துக் காசு கட்டுவது

மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு, 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது, இரண்டு வேலை செய்கிறது. நிறுவனத்தைப் பதிவு செய்வது ஒன்று. அங்கே நடக்கிற ஒவ்வொரு கோர்ஸையும் தனித்தனியாகப் பார்த்து அங்கீகாரம் கொடுப்பது இன்னொன்று. பதிவு இருந்தால் பலகை மாட்டலாம், ஆனால் கோர்ஸுக்கு அங்கீகாரம் இருந்தால்தான் நேராக என்.வி.கியூவுக்கு, அதாவது அரசின் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழுக்குப் போகலாம். கணினிக் கோர்ஸுக்கு வாங்கிய அங்கீகாரக் கடிதத்தைக் கண்ணாடி போட்டு மாட்டிவிட்டு, அதே மாடியில் வயரிங்குக்கும் ஆள் சேர்ப்பார்கள். பொய் சொன்னார்கள் என்றும் சொல்ல முடியாது, அதுதான் கடுப்பு.

நான் படித்தது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடியில். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து 35,000 ரூபாய் கொடுத்தார்கள். ஆறு மாதம் முடிந்ததும் தங்கக்கரை போட்ட சான்றிதழ் கிடைத்தது, அப்பா அதை லெமினேட் பண்ணி எங்கள் லயத்து வரிசை வீட்டுச் சுவரில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். கட்டார் வேலைக்கென்று கொழும்பில் ஏஜென்சிக்குக் கொண்டுபோனால், அங்கே இருந்த பெண் அதை முழுதாகக்கூடப் படிக்கவில்லை. “என்.வி.கியூ இல்லையா?” என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். திரும்பவும் அந்த ஆசிரியர்களிடம் போய் நின்றேன். “உனக்குத்தான் கொடுத்தாச்சே தம்பி, இனி வேறு பிள்ளைக்குக் கொடுக்க வேணாமா?” என்றார்கள். அவர்கள் சொன்னதும் நியாயம்தானே.

அப்புறம் இரண்டு வருடம் ஒரு வயரிங் பாஸுக்கு, அதாவது மேஸ்திரிக்கு, குழாய் தூக்கினேன். செய்த வேலைகளின் படங்களையும் பாஸின் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு, அனுபவத்தை வைத்து மதிப்பிடும் வழியில் நைட்டா என்ற அரச தொழிற்பயிற்சி அதிகார சபைக்கு விண்ணப்பித்தேன். மதிப்பீட்டாளர் என் கையில் மெகரை, அதாவது வயரின் உறையில் மின்சாரம் கசிகிறதா என்று அளக்கும் கருவியைக் கொடுத்து, இன்சுலேஷனைப் பார் என்றார். ஆறு மாதக் கோர்ஸில் அந்த மெகரை நாங்கள் தொட்டதே இல்லை, கண்ணாடி அலுமாரியில் பூட்டிக் கிடந்தது. பாஸ் சொல்லித் தந்ததுதான் காப்பாற்றியது: மெயினை நிறுத்து, பல்பு எல்லாம் கழற்று, சுவிட்சுகளைப் போட்டு வை, அதற்குப் பிறகு 500 வோல்டில் அழுத்து. லெவல் 3 கிடைத்தது. 2009இல் சரியான கதவைத் தட்டியிருந்தால் இவ்வளவு சுற்று வேண்டியதில்லை.

ஆகவே காசு கட்டுமுன் கோர்ஸின் அங்கீகாரக் கடிதத்தைக் கேளுங்கள். கோர்ஸின் பெயர், லெவல், காலாவதித் திகதி மூன்றையும் உங்கள் கண்ணால் பாருங்கள். “ஆபிசில் இருக்கு, பிறகு காட்டுறோம்” என்றால் எழுந்து வந்துவிடுங்கள். லெவலும் முக்கியம். 1 முதல் 4 வரை சான்றிதழ், 5ம் 6ம் டிப்ளோமா, 7 பட்டம். நாளைக்கு டிப்ளோமா பண்ணும் எண்ணம் இருந்தால் 4 வரை கொண்டுபோகிற இடமாகப் பார்ப்பது நல்லது. இன்னொன்று, தொழில்நுட்பக் கல்லூரி, தொழிற்பயிற்சி அதிகார சபை போன்ற அரச இடங்களில் பல முழுநேரக் கோர்ஸுகளுக்குக் கட்டணமே இல்லை. அங்கே இடம் கிடைத்தால் உதவிப்பணத்தை போர்டிங்குக்கும் பஸ்ஸுக்கும் வைத்துக்கொள்ளலாம். அந்தத் தம்பியையும் முதலில் அங்கே விசாரிக்கத்தான் அனுப்பினேன்.

வருமானத்தைப் பெருக்கி எழுதுவது

நாட்சம்பளத்தை 25ஆல் பெருக்கி அம்மாவின் மாத வருமானம் என்று எழுதுகிறார்கள். 2024இல் 1,350 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்ததென்றால், மாதம் 33,750 கைக்கு வருகிறது என்றா அர்த்தம்? கொழுந்து இல்லாத மாதத்தில் எத்தனை பேர் (முழுநாள் வேலைக் கணக்கு) விழுகிறது, எத்தனை அரைப்பேர் (அரைநாள்) என்று அம்மாவிடமே கேளுங்கள். மூன்று மாதச் சம்பளச் சிட்டையை இணைத்து, அதில் இருப்பதை அப்படியே எழுதுங்கள். கொழும்புக் கடையில் நிற்கிற அண்ணன் அனுப்பும் காசையும் மறைக்க வேண்டாம். கிராம சேவகருக்கு அது தெரியும்.

கட்டணத்தை மட்டும் கேட்பது

எவ்வளவு தேவை என்ற கட்டத்தில் கோர்ஸ் கட்டணத்தை மட்டும் எழுதிவிட்டு, இரண்டாம் மாதமே பஸ் காசு இல்லாமல் நின்றுவிட்ட பிள்ளைகள் மூன்று பேரை எனக்கே தெரியும். குறடு, டெஸ்டர், சேஃப்டி சப்பாத்து, ஹட்டனுக்குப் போய்வரும் செலவு என்று வரிவரியாக எழுதுங்கள். விலையையும் கடையில் கேட்டுப் போடுங்கள்.

அப்பாவின் வங்கிப் புத்தகம்

உதவிப்பணம் வந்து சேர அதைக் கொடுக்காதீர்கள். உங்கள் பெயரிலேயே கணக்குத் திறவுங்கள்.

பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர்

அதைத் திருத்த இன்றைக்கே பிரதேச செயலகத்துக்குப் போங்கள்.

கொமியூனிகேஷன் கடையில் ஃபோம் நிரப்புவது

நிரப்பட்டும், அதில் தவறில்லை. ஆனால் ஈமெயில் என்ற கட்டத்தில் கடைக்காரப் பையன் தன்னுடையதைப் போட்டுவிடுவான், அவசரத்துக்குத் தொலைபேசி நம்பரையும் சேர்த்தே போடுவான். விலாசம் தோட்டத்துப் பெயர் மட்டும்தான் என்றால் கடிதம் போய்ச் சேர்வது தோட்டத்து ஆபிசுக்கு, அங்கே கிளார்க் ஐயாவின் மேசையில் எத்தனை நாள் கிடக்கும் என்று சொல்ல முடியாது. எங்கள் பக்கத்து லயத்துத் தங்கச்சி ஒருத்திக்கு நேர்முகப் பரீட்சை செவ்வாய்க்கிழமை, கடிதம் கைக்கு வந்தது வியாழக்கிழமை. ஈமெயிலும் வந்துதான் இருந்தது, கடைப் பையனின் இன்பொக்ஸில் படிக்கப்படாமல் கிடந்தது.