வேலையிடப் பாதுகாப்பு: முதலாளியும் தொழிலாளியும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"அவர் கவனமா இருந்திருக்கணும்." விபத்து நடந்த இடத்தில் முதலில் காதில் விழும் பேச்சு இதுதான். அடிபட்டவர் மருத்துவமனைக்குப் போய்ச் சேரும் முன்பே தீர்ப்பு சொல்லி முடித்துவிடுகிறோம். எல்லாத் தவறுகளிலும் பெரியது இது என்பேன். எட்டு மணி நேரமும் ஒரே கவனத்தோடு இருக்க யாராலும் முடியாது; கண் அயரும், கை வழுக்கும். கை வழுக்கினாலும் விரல் போகாதபடி இயந்திரத்தையும் வேலையையும் அமைப்பது, மாற்றும் அதிகாரம் உள்ளவரின் கடமை. அதாவது நிர்வாகத்தின் கடமை.

ஹெல்மெட்டும் கையுறையும் வாங்கிக் கொடுத்ததோடு அந்தக் கடமை முடிந்தது என்று நினைப்பது அடுத்த தவறு. ஆபத்தையே அகற்ற முடியுமா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். முடியாவிட்டால் ஆபத்து குறைந்த பொருளோ முறையோ இருக்கிறதா என்று தேட வேண்டும். பிறகு தடுப்பு, காற்றோட்டம். அதன் பிறகு பயிற்சி, பணி நேர மாற்றம். முகக்கவசமும் கையுறையும் கடைசி அரண். தூசி பறக்கும் இடத்தில் அதை உறிஞ்ச ஏற்பாடு செய்யாமல் முகக்கவசத்தை மட்டும் நீட்டினால், தாடி வளர்ந்து அது சரியாகப் பொருந்தாத நாளில் நுரையீரலுக்குக் காவலே இல்லை. அதற்கான பணத்தைச் சம்பளத்தில் பிடிப்பது இன்னும் மோசம். பாதுகாப்பு ஏற்பாடுகளால் தொழிலாளிக்கு எந்தச் செலவும் வரக்கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 155-வது உடன்படிக்கை 1981-லேயே சொல்லிவிட்டது.

தொழிலாளர் பக்கமும் தவறு உண்டு. இயந்திரத்தின் பாதுகாப்பு மூடியைக் கழற்றி ஓரமாக வைப்பது, கை உள்ளே போனால் ஓட்டத்தை நிறுத்தும் சென்சாரை டேப் ஒட்டி ஏமாற்றுவது. இதைச் செய்யவே கூடாது. ஆனால் ஏன் கழற்றினார் என்றும் கேளுங்கள். சிக்கிய துணுக்கை எடுக்க ஒவ்வொரு முறையும் நாலு போல்ட்டைத் திருக வேண்டும், அன்றைய உற்பத்தி இலக்கோ குறையாது. அவரைத் திட்டுவதோடு நிறுத்தினால் நாளைக்கும் மூடி கழன்றுதான் இருக்கும். திறந்தவுடன் இயந்திரம் நிற்கும்படி கீல் வைத்த மூடியைப் போட்டுக் கொடுத்தால் கழற்ற வேண்டிய அவசியமே வராது.

பழுது பார்க்கும்போது "ஸ்விட்சை ஆஃப் பண்ணிட்டேன்" என்ற வாய்ச்சொல்லை நம்பிக் கை வைக்காதீர்கள். நீங்கள் பெல்ட்டுக்கு அடியில் இருப்பது தெரியாமல், ஷிப்ட் மாறி வந்த ஒருவர் ஆன் செய்துவிடலாம். மெயினில் உங்கள் பூட்டைப் போட்டு, சாவியை உங்கள் பையிலேயே வைத்திருங்கள். மூன்று பேர் வேலை செய்தால் மூன்று பூட்டு. பூட்டிய பிறகு ஸ்டார்ட் பட்டனை ஒருமுறை அழுத்தி, ஓடவில்லை என்று உறுதிசெய்யுங்கள். குழாயில் தேங்கிய அழுத்தத்தையும் வெளியேற்றுங்கள்.

மூடிய தொட்டியில் இறங்குமுன் மூக்கை நம்புவதும் உயிரைக் குடிக்கும் தவறு. ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு முதலில் அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடினால் மூக்கே மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டது என்று இறங்குகிறவர் திரும்புவதில்லை. அவரைத் தூக்க ஓடி இறங்கும் இரண்டாவது ஆளும் அப்படியே சாய்கிறார். கருவியால் காற்றை அளந்து பார்க்காமல், மேலிருந்தே இழுக்கக் கயிறும் ஆளும் இல்லாமல் யாரையும் இறக்கக்கூடாது.

"மேலதிகாரி சொல்லிட்டார், எப்படி மறுப்பது" என்ற தயக்கத்துக்கு வருகிறேன். 2013 ஏப்ரல் 23 அன்று வங்கதேசத்தின் ராணா பிளாசா கட்டடத்தில் விரிசல்கள் தெரிந்தன. கீழே இருந்த வங்கி மூடப்பட்டது. ஆடைத் தொழிலாளர்களோ மறுநாள் உள்ளே அனுப்பப்பட்டார்கள். கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்று நம்பத் தகுந்த காரணம் இருந்தால் விலகி நிற்கலாம், அதற்காகத் தண்டிக்கக் கூடாது, ஆபத்தைச் சரிசெய்யும் வரை திரும்பி வரச் சொல்லவும் கூடாது என்பது முன்பு சொன்ன 155-வது உடன்படிக்கை தரும் பாதுகாப்பு. நடைமுறை நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் சட்டத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். சொல்லாமல் எழுந்து போய்விடாதீர்கள். என்ன ஆபத்து, எந்த இடத்தில் என்று சூப்பர்வைசரிடம் உடனே சொல்லுங்கள்; முடிந்தால் எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

'விபத்தே இல்லாத 200 நாட்கள்' என்று பலகை மாட்டிப் பரிசு தருவது நல்ல எண்ணத்தில் தொடங்குவதுதான். ஆனால் பரிசு போய்விடும் என்று காயத்தை மறைக்க ஆரம்பிப்பார்கள். மயிரிழையில் தப்பியதையோ சொல்லவே மாட்டார்கள். மேலிருந்து ஒரு ஸ்பேனர் விழுந்து யார் மேலும் படவில்லை என்றால், அதைச் சொன்னவருக்கு நன்றி சொல்லி, அன்றைக்கே அந்தத் தளத்தின் ஓரத்தில் தடுப்புப் பலகை அடியுங்கள். சொன்னவர் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தாலும் சரி. ஸ்பேனர் விழும்போது யாருடைய ஆள் என்று கேட்டு விழுவதில்லை.