ஃபிஃப்த் வீல் டிரெய்லர்: முன்பணத்துக்கு முன் கதவோரம் பாருங்கள்

அமெரிக்காவில் புதிய ஃபிஃப்த் வீல் டிரெய்லருக்கு (பிக்கப் டிரக்கின் பின்தொட்டிக்குள் மாட்டி இழுக்கும் பயண வீட்டு வண்டி) முன்பணம் கட்டும் முன், உங்கள் பிக்கப் டிரக்கின் ஓட்டுநர் கதவைத் திறந்து, கதவுச் சட்டகத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். ஆட்களும் சரக்கும் சேர்ந்து எத்தனை பவுண்டு ஏற்றலாம் என்று அதில் இருக்கும். விளம்பரம் சொல்லும் இழுவைத் திறனைவிட இந்த எண்தான் முக்கியம். ஏனெனில் இவ்வகை டிரெய்லர் தன் எடையில் 20 முதல் 25 சதவீதத்தை டிரக்கின் முதுகில் இறக்கிவிடும். காலி எடையை நம்பாதீர்கள். தண்ணீர், எரிவாயு, பாத்திரம் பண்டம் எல்லாம் ஏறிய உச்ச எடையில் கணக்கிடுங்கள். அது 12,000 பவுண்டு என்றால் டிரக்கின் மேல் 2,400 முதல் 3,000 வரை. டிரெய்லரை மாட்டும் ஹிட்ச் என்ற இணைப்புக் கருவியின் எடையும் குடும்பத்தாரின் எடையும் தனி. பின்பம்பர்ப் பக்கம் மாட்டி இழுக்கும் டிரெய்லருக்கு இந்தச் சதவீதம் பொருந்தாது. அங்கே 10 முதல் 15தான்.