காலிபரில் டேக் போட்டுப் புத்தகம் தேடுவது எப்படி?

அல்சூர் ஏரிக்கரையில் உள்ள பெங்களூர்த் தமிழ்ச் சங்க நூலகத்தில், வேண்டிய புத்தகம் எந்த அலமாரியில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். என் மடிக்கணினியில் அப்படியில்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இலவசத் தமிழ் மின்னூல் தொகுப்பிலிருந்து இறக்கியவை, நண்பர்கள் தந்தவை என 600-க்கு மேல் மின்னூல்கள். பலவற்றின் கோப்புப் பெயர் வெறும் எண். மின்னூல்களை அடுக்கி வைக்கும் காலிபர் (calibre) என்ற இலவச மென்பொருளில் டேக், அதாவது வகையைச் சொல்லும் அடையாளச் சொல், போட்ட பிறகுதான் தேடுவது எளிதானது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் அது ஓடும்.

முதலில் புத்தகங்களைக் காலிபருக்குள் சேர்த்துவிடுங்கள். அப்புறம் ஒரே வகையானவற்றை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, மெட்டாடேட்டா (தலைப்பு, ஆசிரியர் போன்ற புத்தக விவரங்கள்) திருத்தும் பொத்தானை அழுத்தினால் டேக் சேர்க்கும் கட்டம் வரும். ஒன்றுக்கு மேல் இருந்தால் நடுவில் காற்புள்ளி போடுங்கள்.

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். ஒரு நாள் 'சிறுகதை' என்றும், மறுநாள் 'சிறுகதைகள்' என்றும் போட்டால் இரண்டும் தனித்தனி டேக் ஆகிவிடும். நான் அப்படிச் செய்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் திருத்தினேன். ஒருமையா பன்மையா என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். பத்துப் பதினைந்து டேக் போதும். ஏற்கெனவே குழம்பியிருந்தால், இடப்பக்க டேக் பட்டியலில் ஒன்றின் பெயரை மற்றதாக மாற்றுங்கள், இரண்டும் சேர்ந்துவிடும்.

சரி, தேடலாம். அந்தப் பட்டியலில் ஒரு டேக்கைச் சொடுக்கினால் அந்தப் புத்தகங்கள் மட்டும் வரும். மறுபடி சொடுக்கினால் கழித்தல் குறி விழும், அவை மட்டும் மறையும்.

மேலே உள்ள தேடல் பெட்டி இன்னும் கூர்மையானது. டேக்ஸ் (tags) என்று ஆங்கிலத்தில் தட்டி, முக்காற்புள்ளி (:) வைத்து, 'கதை' என்று எழுதிப் பாருங்கள். சிறுகதை, பயணக்கதை எல்லாம் சேர்ந்து வரும், ஏனென்றால் அந்த எழுத்துகள் எங்கே இருந்தாலும் அது பிடித்துக்கொள்ளும். 'கதை' மட்டும் வேண்டுமா? சொல்லுக்கு முன்னால் = போட்டு, இரண்டையும் இரட்டை மேற்கோளுக்குள் வையுங்கள்.

எனக்கு மிகவும் உதவியது இன்னொன்று: அதே டேக்ஸ், முக்காற்புள்ளிக்குப் பின் ஃபால்ஸ் (false) என்று ஆங்கிலத்தில் தட்டினால் டேக்கே இல்லாத புத்தகங்கள் வரிசையில் நிற்கும். புதிதாக இறக்கியவை அங்கேதான் ஒளிந்திருக்கும். வாரம் ஒரு முறை நான் அதைக் காலி செய்கிறேன்.

அடிக்கடி தேடுவதை வர்ச்சுவல் லைப்ரரியாக, அதாவது அந்தத் தேடலில் வரும் புத்தகங்களை மட்டும் காட்டும் தனி நூலகமாக, சேமிக்கலாம். அம்மாவுக்காக 'பக்தி' என்று ஒன்று வைத்திருக்கிறேன். அதைத் திறந்தால் அவருக்கு வேறு எதுவும் கண்ணில் படாது.